விறகில் உள்ள நீர்

பஞ்சாயத்து உறுப்பினர்களே! உழவர் பெருமக்களே!

எரிவாயு அடுப்பு வந்த பின்னரும், வெந்நீர் வைக்கவும் நெல் அவிக்கவும் விறகடுப்பையே நம்பும் வீடுகள் நம் கிராமங்களில் பல உள. ஐப்பசி முதல் தை முடிய, மழையும் பனியும் உள்ள 120 நாட்களுக்கு ஒரு வீட்டிற்கு எவ்வளவு விறகு வேண்டும்? நாளொன்றுக்கு உலர்ந்த விறகு 5 கிலோ எனக் கொண்டால், 600 கிலோ ஆகும்.

அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீரேயாகும். நன்கு காய்ந்த விறகிலோ ஐந்தில் ஒரு பங்குதான் நீர். ஆகவே, அந்த 600 கிலோவுக்கு ஈடாகப் பச்சை விறகு 960 கிலோ வாங்க வேண்டும். அதிகப்படியான 360 கிலோவும் நீர். அதற்கும் நாம் விலை கொடுக்கிறோம். இழப்பு அத்துடன் நிற்பதில்லை. அந்நீரை ஆவியாக்கவும் நெருப்பின் வெப்பமே செலவாகிறது. விறகு சரிவர எரியாமல் புகை சூழ்கிறது. அப்புகையில் கண் கலங்கி இருமுகிறவர்கள் நம் வீட்டுப் பெண்மணிகளே.

இதற்குப் பரிகாரம் எளிது. மாசி, பங்குனியிலேயே விறகைப் பிளந்துவிடுங்கள். பிளந்த கட்டை விரைவில் காயும். தரையில் படாமல் கற்களின் மீது, காற்றுப் புகுமாறு குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மேலே கூரை இருக்கட்டும், பக்கங்களை மூடாதீர்கள். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தவை கணீரென ஒலிக்கும். ஈரமானவை மந்தமாக ஒலிக்கும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொதுநிலத்து மரங்களை உரிய அனுமதியுடன் ஏலம் விடுவதாயின், தை, மாசியிலேயே விடுங்கள். கோடை வெயில் கூலியின்றி விறகை உலர்த்தித் தரும். ஐப்பசியில் வெட்டி விற்கும் விறகோ, ஏழையின் பணத்தைப் புகையாக்கிவிடும்.