ஓர் இளம் பெண்ணின் குறிப்பேடு

இளம் பெண் ஒருத்தியின் அன்றாட ஆர்வங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது பேச்சுக்குரிய பொருள்தானா என்று உங்களில் சிலர் எண்ணலாம். பூவும் கோலமும் தொடர்கதையும் ஒரு பேச்சாகுமா என்று கேட்கலாம். அவ்வாறு கேட்போரில் ஒருத்தியாக நானும் ஒரு காலத்தில் இருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய குறிப்பேடு.

என் அத்தை, அதாவது என் தந்தையின் கடைசித் தங்கை, காலமான பிறகு அவருடைய இரும்புப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அதனுள் இரண்டு பட்டுப் புடவைகள் இருந்தன. வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்து அட்டையிட்ட தொடர்கதைகள் சில இருந்தன. அவற்றுக்கு அடியில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதன் முதற் பக்கத்தில் 1958 என்று எழுதியிருந்தது. அத்தைக்கு அப்போது பதினெட்டு வயது. பள்ளி இறுதித் தேர்வில் தேறிவிட்டுக் கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் இருந்தார். வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குறிப்பேட்டை அத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்திருந்தார். "இன்று மகிழ்ந்தவை" என்பது முதற் பகுதி. "எனக்குப் பிடித்த பெண்கள்" இரண்டாவது. "நான் செய்ய வேண்டியவை" மூன்றாவது.

முதற் பகுதியைப் புரட்டினால் காவிரிக் கரை ஊர் ஒன்றின் ஓராண்டு வாழ்க்கை கண்முன் நிற்கிறது. ஆடியில் புதுத் தண்ணீர் வந்த நாள். இருபத்தொரு புள்ளிக் கோலம் ஒரு கம்பியும் பிசகாமல் முடிந்த விடியற்காலை. காப்பிக் கொட்டை வறுக்கும் மணம். அடுத்த வீட்டு வானொலியில் கேட்ட பாட்டை அன்றிரவே நினைவிலிருந்து பாடிப் பார்த்தது. இவற்றுக்கு நடுவே வாரந்தோறும் தவறாமல் ஒரு குறிப்பு வருகிறது: "பத்திரிகை வந்தது. அண்ணா படித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்." அந்தக் காத்திருப்பையும் அத்தை மகிழ்ச்சிக் கணக்கிலேயே எழுதியிருந்தார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் பகுதியில் வருபவர்கள் உற்றாரும் அல்லர், ஊராரும் அல்லர். எல்லோரும் கதைகளில் வாழ்பவர்கள். முதல் இடம் ஞானாம்பாளுக்கு. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட "பிரதாப முதலியார் சரித்திர"த்தின் தலைவி அவள். தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் அந்நூலில், அவள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டுக்கு அரசனாகி, நீதி தவறாமல் ஆள்கிறாள். கிளை நூலகத்திலிருந்து தருவித்து அதைப் படித்த அத்தை, அவள் பெயருக்கு எதிரே ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார்: "வேடம் போடாமலே ஆள விட்டிருந்தால் என்ன?"

இரண்டாம் இடம் சிவகாமிக்கு. கல்கி அவர்களின் "சிவகாமியின் சபதம்" 1944 முதல் 1946 வரை தொடர்கதையாக வெளிவந்தது. வாதாபியில் சிறைப்பட்ட சிவகாமி, அந்நகரம் எரிவதைக் கண்ணால் கண்ட பிறகே அங்கிருந்து புறப்படுவேன் என்று சபதம் செய்கிறாள். அழைத்துச் செல்ல மாமல்லர் மறைவாக வந்தபோதும் உடன் செல்ல மறுக்கிறாள். ஆண்டுகள் பல கழித்து வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது, ஆனால் அவள் விரும்பிய வாழ்வு கைநழுவிப் போகிறது. அத்தை இங்கே தம்மோடு தாமே வழக்காடியிருக்கிறார். "கூப்பிட்டபோதே வந்திருக்கலாம்" என்று முதலில் எழுதி அதை அடித்திருக்கிறார். பிறகு, "சொன்ன சொல் அவளுடையது; அதைக் காப்பாற்றுவதும் அவள் இஷ்டம்" என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே வேறொரு நாள், வேறொரு மையில், "இருந்தாலும் பாவம்" என்று ஒரு வரி.

மூன்றாம் இடத்தை இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். 1950 முதல் 1954 வரை வெளிவந்த "பொன்னியின் செல்வ"னில் வரும் குந்தவையும் பூங்குழலியும் அவர்கள். குந்தவை வரலாற்றில் வாழ்ந்தவர். முதலாம் இராசராசனின் தமக்கை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவர் அளித்த கொடைகளைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. தந்தை சுந்தர சோழரின் பெயரால் தஞ்சையில் இருந்த ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, அவர் அறம் செய்ததும் வரலாறே. கோடிக்கரையில் தனியே படகு செலுத்தும் பூங்குழலியோ கல்கியின் கற்பனையில் பிறந்தவள். ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. "குந்தவையின் அறிவும் பூங்குழலியின் கையும் வேண்டும்" என்று எழுதி வைத்திருந்தார். கடலில் துடுப்புப் பிடித்த அந்தக் கையை அவர் எத்தனை முறை எண்ணிப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நேயர்களே, கதைத் தலைவியரை இவ்வாறு மனத்தில் வைத்துப் போற்றுவதைப் பெரியவர்கள் "கதைப் பைத்தியம்" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஆழ்ந்து நோக்கினால் அது பைத்தியம் அன்று. புடவைக் கடையில் பெண்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, இது எனக்குப் பொருந்துமா என்று தேர்கிறார்கள். அதுபோல, ஒரு துணிவையும் ஒரு பிடிவாதத்தையும் ஓர் அறிவையும் தன்மேல் போட்டுப் பார்க்கப் பெண்ணுக்குக் கிடைத்த இடம் கதைதான். வீட்டுக்கு வெளியே போகாதவள் அங்கே கடலில் படகு விடுகிறாள். எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள் அங்கே அரசனிடம் வழக்குரைக்கிறாள். பின்னாளில் நா. பார்த்தசாரதியின் "குறிஞ்சி மல"ரில், தந்தையை இழந்து உடன்பிறந்தாரைத் தாங்கி நின்ற பூரணியைப் படித்தவர்கள் பலர், தம் பெண் குழந்தைகளுக்கு அவள் பெயரையே வைத்தார்கள். பெயராகித் தொட்டில் வரைக்கும் வந்துவிடுகிற ஒன்றை வெறும் பொழுதுபோக்கு என்று எப்படித் தள்ளுவது?

கதை கேட்டு வளர்ந்த பெண் பேனாவைப் பிடித்ததும் உண்டு. 1901-இல் பிறந்த வை. மு. கோதைநாயகி அம்மையாருக்கு ஐந்து வயதில் மணம் முடிந்தது. பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் தம் முதல் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டார். அப்படித் தொடங்கியவர் 1925-இல் "ஜகன்மோகினி" இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். விடுதலைப் போரில் சிறையும் சென்றார். மருத்துவக் கல்லூரியில் படித்த திரிபுரசுந்தரி, "லக்ஷ்மி" என்ற பெயரில் ஆனந்த விகடனில் கதை எழுதியே தம் படிப்புச் செலவுக்கு வழி தேடிக்கொண்டார். டாக்டராகவும் ஆனார், 1984-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றார். அத்தையின் குறிப்பேட்டில், கதை மாந்தரின் வரிசைக்குக் கடைசியில், "லக்ஷ்மி - இவர் நிஜம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதன் கீழே இரண்டு கோடுகள்.

அந்த வரியைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டினால் மூன்றாம் பகுதி. "நான் செய்ய வேண்டியவை" ஐந்து. ஒன்று, பழையாறைக்குப் போய்க் குந்தவை வாழ்ந்த இடத்தைப் பார்ப்பது. இரண்டு, தட்டெழுத்துப் பழகுவது. மூன்று, கோடிக்கரையில் கடலைப் பார்ப்பது. நான்கு, ஆசிரியப் பயிற்சியில் சேர்வது. ஐந்து, முதற் சம்பளத்தில் அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி வாங்குவது. கும்பகோணத்துக்கு அருகிலேயே இருக்கும் பழையாறைக்கு நேரே மட்டும் "முடிந்தது" என்ற குறி இருக்கிறது. அதற்குப் பின் எல்லாப் பக்கமும் வெறுமை.

ஏன் வெறுமை என்பது எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. அத்தையின் தலையணைக்கு அடியிலிருந்து அந்தக் குறிப்பேட்டை எடுத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனவள் நான்தான். தாத்தா மூன்றாம் பகுதியை உரக்கப் படித்தார். அவர் கெட்டவர் அல்லர், விளையாட்டாகத்தான் படித்தார். "குந்தவைப் பிராட்டிக்குச் சம்பளம் வேறு வேண்டுமாம்" என்றார். கூடம் முழுவதும் சிரித்தது. எல்லோரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். அத்தை அடுக்களையிலிருந்து வந்தார். குறிப்பேட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஆசிரியப் பயிற்சிக்குப் போகக்கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை. அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. மறு ஆண்டு தை மாதம் அவருக்குத் திருமணம் நடந்தது.

அத்தை குறையின்றி வாழ்ந்தார் என்றே சொல்ல வேண்டும். புகுந்த ஊரில் மாலை நேரங்களில் தெருப் பெண்களைத் திண்ணையில் கூட்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். விடுமுறைக்குப் போகும்போது நானே பார்த்திருக்கிறேன். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவார். சம்பளமும் இல்லை, பதிவேடும் இல்லை. நான்காவது ஆசை அந்த உருவில்தான் அவரிடம் தங்கியிருந்தது. ஆனால் திண்ணையைக் காட்டி, பார்த்தீர்களா, எல்லாம் நிறைவேறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மூக்குக் கண்ணாடி வாங்கப்படவில்லை. கோடிக்கரைக் கடலையும் அவர் பார்க்கவில்லை.

இன்றைய பெண்ணின் குறிப்பேடு அவள் கைத்தொலைபேசிக்குள் இருக்கலாம். அவளுடைய தலைவியர் திரைப்படத்திலிருந்தோ, வேற்று நாட்டுக் கதையிலிருந்தோ வரலாம். பகுதிகள் மட்டும் அதே மூன்றுதான். சிறு மகிழ்ச்சிகளில் தன் உள்ளத்தை அறிகிறாள். தலைவியரிடம் துணிவைக் கடன் வாங்குகிறாள். அந்தக் கடனைக்கொண்டு தன் குறிக்கோளை எழுதுகிறாள். முதற் பக்கத்தை எள்ளினால் மூன்றாம் பக்கம் எழுதப்படாது. மூன்றாம் பக்கத்தை எள்ளினாலோ குறிப்பேடே மூடிவிடும்.

பெண்ணைப் பெற்றவர்கள் தடை சொல்வதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தடையோடு போராட முடியும். சிரிப்போடு போராடுவது கடினம். ஆகவே பெரியவர்களிடம் நான் வேண்டுவது மிகச் சிறியது. உங்கள் வீட்டுப் பெண் தனக்குப் பிடித்த கதைத் தலைவியைப் பற்றிப் பேச வந்தால், கையிலுள்ள வேலையைச் சற்றே நிறுத்தி, "அவளை உனக்கு ஏன் பிடித்தது?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் விடையில் அவளுடைய எதிர்காலத்தின் ஒரு பகுதி இருக்கும்.

இளம் பெண்களிடமும் ஒரு சொல். தலைவியைப் போற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். படகு விட்டவளைப் படித்தீர்களானால் கடற்கரை வரையிலாவது போய் வாருங்கள். யாரேனும் சிரித்தால், அன்றைய தேதியைப் போட்டு அடுத்த வரியை எழுதுங்கள்.

அத்தையின் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு சென்ற ஆண்டு நான் கோடிக்கரைக்குப் போனேன். மூன்றாவது வரிக்கு நேரே குறி இடலாம் என்று பேனாவையும் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன். அந்தக் குறியை இட வேண்டிய கை என்னுடையது அன்று.