நெய்க்குக் காவல்



திருவொற்றியூர்க் கடற்காற்றில் எங்கள் வீட்டுச் சன்னற்கம்பிகளைத் துருவினின்று காப்பது ஓயாத வேலை. இரும்பைத் தின்னும் பிராணவாயுவே நெய்யையும் சிக்கு வாடை அடிக்கச் செய்கிறது. வெண்ணெய் உருக்கும்போது கறிவேப்பிலை இடுவது ஏன் என்று முன்னொரு நாள் வகுப்பில் ஒரு மாணவன் வினவினான். "மணத்திற்காக" என்று கூறி அமரச் செய்தேன். அது பாதி விடையே. அவ்விலையிலுள்ள மகாநிம்பின் முதலிய கார்பசோல் பொருள்கள், பிராணவாயு கொழுப்பினுள் தொடங்கும் தொடர்வினையை இடையிலேயே அறுக்கின்றன. இச்செடியின் தாவரநூற் பெயரில், 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் கோனிக்கின் பெயர் நிலைத்திருக்கிறது. நாமோ இலையை உண்கலத்தின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறோம்! ஆயினும், சோதனைக் குடுவையிற் கண்டது உடலினுள்ளும் அவ்வாறே நிகழும் என்பது இன்னும் உறுதிப்படவில்லை. நெய்யின் செய்தியை நீங்களே சோதிக்கலாம்: இலையிட்டு உருக்கியதும் இடாததுமாக இரு கிண்ணங்களை வைத்து, வாரந்தோறும் முகர்ந்து பாருங்கள்.