பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும்போது

(கோடை விடுமுறைக்கு முன் நடைபெற்ற குடும்பக் கூடுகையில் ஆற்றிய உரை)



பரீட்சைகள் முடிந்ததும் உங்களில் பலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைக்குப் புறப்படுவீர்கள். சிலர் சொந்த வீட்டுக்கும், சிலர் ஓய்வு இல்லத்துக்கும், சிலர் நண்பர் சாவி கொடுத்த வீட்டுக்கும் போவீர்கள். பல மாதங்கள் பூட்டிக் கிடந்த வீட்டை எப்படித் திறப்பது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். இதில் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம்.

நோய்க்குத் தப்பும்படியே மலைக்குப் போனவர்கள் நம் முன்னோர். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரிகள், சமவெளியின் காய்ச்சலிலும் காலராவிலும் தங்கள் குடும்பத்தாரைப் பறிகொடுத்த பின்பு, 1845ஆம் ஆண்டு கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அப்போது வண்டிச் சாலை கிடையாது. சாமான்களையும் பிள்ளைகளையும் கூலியாட்கள் சுமந்துகொண்டு மலையேறினார்கள். ஒருவருடைய இளைப்பாறுதலுக்குப் பின்னால் இன்னொருவருடைய தோள் இருந்தது. இன்றும் இருக்கிறது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

எங்கள் மூன்று குடும்பங்களுக்கும் பொதுவாகக் கொடைக்கானலில் தகரக்கூரை போட்ட சிறிய வீடு ஒன்று உண்டு. அக்டோபர் விடுமுறை முடிந்து பூட்டினால் ஏப்ரலில்தான் திறப்போம். இடையில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் ஜனவரியின் உறைபனியும் வந்து போகும். நாங்கள் ஒரு வாரத்துக்கு முன்னால் காவல்காரருக்குப் போன் செய்து, "வருகிறோம், வீட்டைச் சுத்தம் பண்ணி வையுங்கள்" என்று சொல்லிவிடுவோம். போய் இறங்கும்போது தரை கழுவி, படுக்கை விரித்து, வெந்நீர் தயாராக இருக்கும். அது எப்படி ஆயிற்று என்று நாங்கள் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் காவல்காரரின் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. "ஒண்ணுமில்லேம்மா, பனி ஒத்துக்கலே" என்று சொல்லிக்கொண்டே நான்கு நாட்கள் எங்களுக்குச் சமைத்துப் போட்டார். ஐந்தாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அம்மா அவரை முழுவதும் பரிசோதித்து, இடுப்பில், சேலைக் கட்டின் கீழே, நெருப்புச் சுட்டதுபோல் கறுத்திருந்த ஒரு பொருக்கைக் காட்டினார்கள். வலியும் அரிப்பும் இல்லாததால் அவரே அதைக் கவனிக்கவில்லை. உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். புதரில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணி கடிப்பதால் வருவது. கடித்துப் பத்து, பன்னிரண்டு நாட்கள் கழித்தே காய்ச்சல் தொடங்கும். தொடக்கத்திலேயே கண்டால் விலை குறைந்த மாத்திரைகளே போதும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கி உயிரையே எடுத்துவிடும்.

"சமீபத்தில் எங்கே வேலை செய்தாய்?" என்று டாக்டர் அம்மா கேட்டார்கள். "இவங்க வர்றாங்கன்னு வீட்டைச் சுத்திப் புதரை வெட்டினேன்" என்றார். அருகில் நின்ற நாங்கள் தலைகுனிந்தோம். கடவுள் கிருபையால் அவர் பிழைத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு முதல் நாங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். எங்களில் பெரியவர்கள் இரண்டு பேர் மூன்று நாட்கள் முன்னதாகப் போய், காவல்காரக் குடும்பத்தோடு சேர்ந்தே வீட்டைத் திறக்கிறோம். நாங்கள் செய்வதை வரிசையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, காற்று. கதவையும் ஜன்னல்களையும் எல்லாம் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் வெளியே இருப்போம். உள்ளே நுழைந்தவுடன் லைட் சுவிட்சைத் தொடுவதில்லை. கேஸ் வாசனை இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்; ஏனெனில் சிலிண்டரின் ரப்பர் குழாயை எலி கடித்திருக்கக்கூடும். எலக்ட்ரீஷியன் ஒயர்களைப் பார்த்த பிறகே மெயினைப் போடுகிறோம்.

இரண்டாவது, எலிப்புழுக்கை. உலர்ந்த தரையில் துடைப்பத்தைப் போட்டால் தூசியோடு அதுவும் பறந்து மூக்கில் ஏறும். ஆகையால் கிருமிநாசினித் தண்ணீரைத் தெளித்து, சற்று ஊறவிட்டு, கையுறை போட்டுத் துணியால் துடைத்து எடுக்கிறோம். எலிச் சிறுநீர் பட்ட ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பதில்லை. எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது. பூசணம் பிடித்த மெத்தையையும் கம்பளியையும் இரண்டு நாள் வெயிலில் காயவைக்கிறோம். ஆஸ்துமா உள்ளவர்களை இந்த வேலைக்கு வைப்பதில்லை.

மூன்றாவது, தண்ணீர். தொட்டியைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புகிறோம். ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, எல்லாக் குழாய்களிலும் அந்த வாடை வரும்வரை திறந்து மூடிவிடுகிறோம். ஒரு நாள் கழித்து அந்தத் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கிறோம். பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுப்புகை கிளம்பும்.

நான்காவது, தோட்டம். புதர் வெட்டுபவருக்கு முழுக்கைச் சட்டை, காலுறை, பூட்ஸ், பூச்சி கடிக்காமல் தடவும் மருந்து ஆகியவற்றை நாங்களே வாங்கிக் கொடுக்கிறோம். வேலை முடிந்ததும் குளித்து, உடுப்பை வெந்நீரில் துவைக்க வேண்டும். இந்த நாட்களுக்குத் தனிக் கூலி உண்டு. முன்பு அதையும் மாதச் சம்பளத்தில் அடக்கிவிட்டோம் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்ளுகிறோம்.

கடைசியாக, குளிர். ஈரமான வீடு இரவில் அதிகமாய்க் குளிரும். அப்போது கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுவரத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். நாங்கள் ஒருமுறை செய்தோம். நடு இரவில் பிள்ளைகள் தலைவலி என்று அழுது வாந்தி எடுத்தார்கள். வழியில் சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்தோம். காற்றுக்காகப் பாட்டி ஜன்னலைத் திறந்ததால் பிழைத்தோம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். தணல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் அறைக்குள் வைக்கக்கூடாது. இன்னும் ஒரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

விடுமுறை முடிந்து ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், "மலைக்குப் போயிருந்தோம், பூட்டிக் கிடந்த வீட்டைச் சுத்தம் செய்தோம்" என்று மறவாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் ஓர் உயிரைக் காக்கலாம். அதோடு நின்றுவிடாமல், உங்களுக்காக அந்த வீட்டைத் திறந்தவருக்கும் ஒரு போன் செய்யுங்கள். சுகமாயிருக்கிறாரா என்று கேளுங்கள். நாங்கள் இப்போது ஒவ்வொரு ஜூன் மாதமும் கேட்கிறோம். "நல்லா இருக்கேம்மா" என்று அந்த அம்மா சொன்ன பிறகே எங்கள் விடுமுறை முடிகிறது.