பதவி அமானிதம், பங்குப் பொருள் அல்ல!

(காளப்பநாயக்கன்பட்டியில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கொல்லிமலையின் அடிவாரத்து ஊர் இது. காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி இறங்கும் மிளகும், காப்பிக் கொட்டையும், பலாவும், வாழையும் இந்த வழியாகச் சமவெளிக்குப் போகின்றன. வணிகம் தெரிந்த உங்களுக்குத் தராசைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. எடையில் குறைப்பது ஹராம் என்று நம் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் இன்னொரு தராசு இருக்கிறது. அது மனிதர்களை நிறுக்கும் தராசு. யாருக்கு வேலை, யாருக்குச் சம்பள உயர்வு, யார் கையில் கல்லாச் சாவி என்று தீர்மானிக்கும் தராசு. அந்தத் தராசில் நம் கை சுத்தமாக இருக்கிறதா? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நீங்கள் மிளகு மண்டி நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதலைக் கவனிக்கும் பொறுப்பு காலியாகிறது. உங்களிடம் பதினைந்து ஆண்டுகளாக உழைக்கும் ஒருவர் இருக்கிறார். மலையைச் சேர்ந்தவர், நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் அல்லர். மிளகைக் கையில் அள்ளியதுமே காய்ச்சல் போதுமா, பதர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். லிட்டருக்கு இத்தனை கிராம் நிற்கும் என்று அவர் சொன்னால் தராசும் அதையே சொல்லும்.

அந்த நேரத்தில் உங்கள் தங்கை வந்து நிற்கிறார். "அண்ணே, உங்க மருமகன் டிகிரி முடிச்சு ரெண்டு வருஷமா வீட்டுல இருக்கான். சொந்த மாமன் கடையில அவனுக்கு ஒரு இடம் இல்லையா?" என்று கண் கலங்குகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

இதை லேசான கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். உறவைப் பேணுவது நம் மீது கடமை. உறவை முறிப்பவனுக்கு மார்க்கத்தில் கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. அதே மார்க்கம்தான், பாதிக்கப்படுவது நாமோ நம் பெற்றோரோ உறவினரோ ஆனாலும் நீதியை விட்டு நகரக் கூடாது என்றும் கட்டளையிடுகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனத்தை வீட்டிற்குப் போய் எடுத்துப் பாருங்கள். இரண்டுமே கடமை. அதனால்தான் மனம் தடுமாறுகிறது.

கடை என்னுடையதுதானே?

"கடை என் சொத்து. யாரை வைத்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய தந்தை அவருக்கு ஓர் அன்பளிப்பு வழங்கினார். அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்றதும், அநீதிக்குச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது.

கொடுத்தவரின் சொந்தச் சொத்து. பெற்றவர் சொந்தப் பிள்ளை. அங்கேயே கேள்வி கேட்கப்பட்டது! தொழிலாளி நமக்குப் பிள்ளை அல்ல; உண்மைதான். ஆனால் உழைத்தால் உயரலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்துத்தான் அவரிடம் வேலை வாங்குகிறோம். அந்த நம்பிக்கை நாம் சொல்லாமல் கொடுத்த வாக்கு.

உமர் (ரலி) கேட்ட கேள்வி

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மகன்கள் அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் ஒரு படையோடு இராக் சென்று திரும்பினார்கள். பஸராவின் ஆளுநர் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி), மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுப்பணத்தை அவர்களிடம் கொடுத்தார். இதில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் சேர்த்துவிட்டு லாபத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவர்களும் அப்படியே செய்தார்கள்.

இதில் களவு இல்லை. பொதுநிதிக்கு ஒரு காசு நட்டமும் இல்லை. ஆனால் உமர் (ரலி) ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: படையில் இருந்த எல்லோருக்கும் இந்த வாய்ப்பு கிடைத்ததா? இல்லை என்பதே பதில். அப்படியானால் கலீஃபாவின் பிள்ளைகள் என்பதற்காகவே கிடைத்திருக்கிறது என்று கூறி, முதலையும் லாபத்தையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். முடிவில், அங்கிருந்த ஒருவர் சொன்ன யோசனைப்படி அதைக் கூட்டு வியாபாரமாகக் கருதி, பாதி லாபம் பொதுநிதிக்குப் போனது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது இருக்கிறது.

வணிகர்களே! நம் கடையில் ஒவ்வொரு சலுகை கொடுக்கும்போதும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போமா?

அரசிடம் நாம் கேட்பது என்ன?

2006 நவம்பரில் சச்சார் குழு தன் அறிக்கையைத் தந்தது. 2001 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 13.4 சதவீதமாக இருந்த முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ். பணியில் 3 சதவீதம், ஐ.பி.எஸ். பணியில் 4 சதவீதம், ஐ.எஃப்.எஸ். பணியில் 1.8 சதவீதம் மட்டுமே என்று அது எடுத்துக்காட்டியது. மேடைதோறும் இந்தக் கணக்கை நாம் முழங்குகிறோம். முழங்கத்தான் வேண்டும்! 2007-இல் தமிழகத்தில் கிடைத்த 3.5 சதவீத உள்ஒதுக்கீடும் அப்படிக் கேட்டுப் பெற்றதுதான்.

"இடஒதுக்கீடும் சலுகைதானே?" என்று குதர்க்கம் பேசுவோர் உண்டு. இல்லை. இடஒதுக்கீடு ஊரறிய சட்டம் போட்டு, பின்தங்கிய சமூகத்துக்குக் கதவைத் திறப்பது. அதற்குள்ளும் போட்டி உண்டு, மதிப்பெண் உண்டு. வேண்டியவருக்குக் கொடுப்பதோ, ஒரு முகத்தைப் பார்த்து மறைவில் முடிப்பது.

தகுதி இருந்தும் பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்துகிறார்கள் என்று குமுறும் நாம், தகுதியுள்ள அந்த மலைக்காரருக்கு நம் கதவைச் சாத்தினால், எந்த முகத்தோடு நீதி கேட்பது?

என்ன செய்யலாம்?

உறவுக்குக் கொடுப்பதை உங்கள் சட்டைப் பையிலிருந்து கொடுங்கள்; அடுத்தவன் உழைப்பிலிருந்து கொடுக்காதீர்கள். ஏழை உறவினருக்குச் செய்யும் தர்மத்துக்கு இரட்டைக் கூலி: தர்மத்துக்கு ஒன்று, உறவைப் பேணியதற்கு ஒன்று. மருமகனுக்குப் படிக்கப் பணம் கட்டுங்கள். சிறு கடை வைக்க முதல் கொடுங்கள். உங்கள் மண்டியிலேயே சேர்க்க வேண்டுமென்றால் மூட்டை எண்ணும் இடத்தில் சேருங்கள். அந்த மலைக்காரரிடமே தொழில் கற்கட்டும். தங்கையிடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள். இன்று வருந்தினாலும், மகன் தொழில் தெரிந்தவனாக நிற்கும் நாளில் அவரே துஆ செய்வார்.

வேலை காலியானால் சம்பளமும் தகுதியும் இன்னது என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். உட்காரும் இடத்திலும் பாகுபாடு வேண்டாம். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழகத்தில் சட்டமே வந்துவிட்டது. மைத்துனருக்கு மட்டும் நாற்காலி, மற்றவர் நிற்க வேண்டும் என்பது சட்டத்துக்கும் ஒவ்வாது, மார்க்கத்துக்கும் ஒவ்வாது.

பள்ளிவாசல், மதரஸா, வக்ஃபு என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. முத்தவல்லி நிர்வாகியே தவிர உரிமையாளர் அல்லர். அங்கே 'என் சொத்து' என்ற பேச்சுக்கே இடமில்லை.

சிபாரிசு கேட்டு வந்தால் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைக்கச் சொன்ன பெண், வலிமை, நம்பகத்தன்மை ஆகிய இரண்டைத்தான் காரணமாகச் சொன்னார். மூஸா (அலை) அந்த ஊருக்கு அந்நியர்! நல்ல பரிந்துரையிலும் தீய பரிந்துரையிலும் செய்தவருக்குப் பங்கு உண்டு என்று அந்நிஸா 85-ஆம் வசனம் எச்சரிப்பதை மறக்க வேண்டாம்.

இளைஞர்களே! வேலையிடத்தில் நீங்கள் ஓரங்கட்டப்பட்டால் மூலையில் நின்று புறம் பேசாதீர்கள். முதலாளியிடம் நேரில் போய், மரியாதையோடு காரணம் கேளுங்கள். வாங்கும் கூலிக்கு உரிய வேலையில் குறை வைக்காதீர்கள். மாமா தயவில் இடம் கிடைத்தவராக இருந்தால், தகுதியால் அந்த இடத்தை நிரப்புங்கள். முடியாவிட்டால் விலகி வழி விடுங்கள். அதிலும் ஒரு கண்ணியம் உண்டு.

எடைக்கல்லில் மட்டுமல்ல, ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் நீதியைக் கடைப்பிடிக்கும் சமுதாயமாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.