போல்ட்டுக்கு உண்டு பரிசோதனை, உதட்டுக்கு?

(‘உதட்டுக்கு உகந்தது கடைக் குப்பியா, அடுக்களைப் பொருளா?’ என்ற தலைப்பில், ‘அடுக்களைப் பொருளே!’ என்ற அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்குத் தோள் கொடுக்கும் அணித் தோழர்களே, வாதத்தில் எதிரணி, வாசலுக்கு வெளியே வந்தால் நம்மணி என்று இருக்கிற எதிரணி நண்பர்களே, முதல் ஷிப்டை முடித்துவிட்டு விடுதிக்குக்கூடப் போகாமல், கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையோடு நேரே இந்தப் பந்தலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிற என் மகள்களே, தம்பிகளே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்கள். “உதட்டைப் பற்றிப் பேசத் தோல் மருத்துவரை அல்லவா கூப்பிட வேண்டும்? தமிழ் வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை?” என்றார்கள். நல்ல கேள்வி. ஆனா அம்மா, உதட்டுக்கும் தமிழுக்கும் உறவு ரொம்பப் பழசு. எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியர் ஒரு இயலே எழுதியிருக்கிறார். ‘ப’வும் ‘ம’வும் இரண்டு உதடும் சேர்ந்தால்தான் பிறக்கும் என்கிறார். உதடு வெடித்தவன் ‘அம்மா’ என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும். வலிக்கும். ‘அப்பா’ என்று கூப்பிடட்டும். வலிக்கும். ‘மாமியார்’ என்று கூப்பிட்டால்… அது உதடு நல்லா இருந்தாலே வலிக்கும்! (சிரிப்பு)

திருக்குறளில் 341ஆம் குறளைச் சொல்லிப் பாருங்கள். கடைசிவரை உதடு ஒட்டவே ஒட்டாது. அதே அதிகாரத்தில் 350ஆம் குறளைச் சொன்னால் சொல்லுக்குச் சொல் ஒட்டும். இரண்டுமே துறவு பற்றிய குறள்தான். உதடு வெடித்தவர்கள் முதல் குறளோடு நிறுத்திக்கொள்வது நல்லது!

நடுவர்: அப்போ உதடு வெடிச்சா பாதி துறவிதான்னு சொல்றீங்க!

ஆமாங்கய்யா. காரக்குழம்பைத் துறந்துதானே ஆகணும்! (சிரிப்பு, கைதட்டல்)

விஷயத்துக்கு வர்றேன். உடம்பில் மற்ற இடத்துத் தோலுக்கு வியர்வைச் சுரப்பி இருக்கிறது, எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. தனக்குத் தானே கொஞ்சம் எண்ணெய் போட்டுக்கொள்ளும். உதட்டின் சிவந்த பகுதிக்கு அந்த வசதி இல்லை. தோலும் மெல்லிசு. அதனால்தான் குளிர்சாதனம் ஓடுகிற கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றால் முதலில் புகார் கொடுப்பது உதடு. காய்கிறதே என்று நாக்கால் நனைப்போம். அந்த எச்சில் ஆவியாகும்போது, இருந்த ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். சோறு செரிப்பதற்காக எச்சிலில் இருக்கிற பொருள் அந்த மெல்லிய தோலை அரிக்கவும் செய்யும். கடன் வாங்கி வட்டி கட்டுகிற கதை இது.

சரி, ஏதாவது தடவத்தான் வேண்டும். எதைத் தடவுவது? இங்கேதான் நடுவர் அவர்கள் கொஞ்சம் கவனிக்கணும். கையில் தடவினது கையோடு நிற்கும். உதட்டில் தடவினது நிற்குமா? காலையில் தடவியதில் கொஞ்சம் பத்து மணி டீயோடு போச்சு. மிச்சம் மதியம் சாம்பார் சாதத்தோடு போச்சு. மறுபடி தடவுகிறோம். அது ராத்திரி இட்லியோடு போகிறது. ஆகவே, ஐயா, இதற்குப் பூச்சு என்று பேர் வைத்தது தப்பு. இது சாப்பாட்டுச் சாமான்! (கைதட்டல்) சாப்பாட்டுச் சாமானுக்கு என்ன நியாயமோ அதே நியாயம் இதற்கும் வேண்டும் என்பதுதான் எங்கள் அணியின் வாதம்.

எதிரணிப் பேராசிரியர் கேலி செய்தார். “நெய்யும் விளக்கெண்ணெயும் தடவிக்கொண்டு வேலைக்குப் போனால் எறும்புதான் பின்னால் வரும்” என்றார். ஐயா, நீங்கள் பெருமையாகச் சொன்ன வெளிநாட்டு லிப்ஸ்டிக்கின் அட்டையைத் திருப்பிப் பார்த்தீர்களா? பெரும்பாலானவற்றில் ‘ரிசினஸ் கம்யூனிஸ்’ என்று ஒரு பெயர் இருக்கும். என்னமோ ரோமாபுரிச் சக்கரவர்த்தி பெயர் மாதிரி இருக்கும். யார் அவர்? நம்ம ஊர் ஆமணக்கு! விளக்கெண்ணெய்! (சிரிப்பு) உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். இங்கிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறுகிறது. அங்கே போய் ஒரு குழாய்க்குள் உட்கார்ந்து, பேரை மாற்றிக்கொண்டு, நூறு மடங்கு விலையோடு திரும்பி வருகிறது. பாட்டி கையில் இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு. பரிசுப் பெட்டியில் வந்தால் பராமரிப்பு!

ஆனால் நியாயத்தையும் பேசணும். கடையில் விற்பதெல்லாம் விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். பெட்ரோலியம் ஜெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் செஸ்பரோ என்பவர் எண்ணெய்க் கிணற்றுக் குழாயில் ஒட்டியிருந்த மெழுகைச் சுத்தம் செய்து, 1872இல் காப்புரிமை வாங்கினார். நன்றாகச் சுத்திகரித்த வெள்ளை ஜெல்லியைத் தோல் மருத்துவர்கள் இன்றைக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். சரி. ஆனால் ஐரோப்பிய நாடுகளின் சட்டம் ஒரு நிபந்தனை போடுகிறது. அது எங்கே, எப்படிச் சுத்திகரிக்கப்பட்டது என்ற முழு வரலாறும் தெரிய வேண்டும் என்கிறது. ஏன்? சுத்திகரிப்பு அரைகுறை என்றால் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்கள் அதில் தங்கிவிடலாம். பஸ் நிலையத்து வண்டியில் பத்து ரூபாய்க்கு வாங்குகிற டப்பாவுக்கு வரலாறு உண்டா? முகவரியே கிடையாது!

அடுத்து, தடவினால் ஜில்லென்று இருக்கிறதே, அந்த ரகம். கற்பூரம், மென்தால் போட்டது. அந்த ஜில்லு குணமாவதற்கு அடையாளம் இல்லை. தோல் எரிவதற்கும் அடையாளமாக இருக்கலாம். உதடு வெடித்திருக்கும்போது தவிர்க்க வேண்டியவை என்று அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கற்பூரம், மென்தால், பீனால், சாலிசிலிக் அமிலம், வாசனைப் பொருள்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. தடவினால் எரியும்; எரிந்தால் காயும்; காய்ந்தால் மறுபடி தடவுவோம். டப்பா தீரும், வெடிப்பு தீராது!

அதே பட்டியலில் எங்கள் அணிக்கும் ஒரு குட்டு உண்டு. புதினா, இலவங்கப்பட்டை, எலுமிச்சைச் சுவைகளும் வேண்டாம் என்கிறது. இயற்கை என்றால் கண்டதையும் தேய்ப்பது அல்ல. எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் உதடு சிவக்கும் என்பார்கள். சிவக்கும், அழகால் அல்ல, எரிச்சலால். ஆனால் எதைத் தடவலாம் என்று அதே கழகம் சொல்கிற பட்டியலில் என்ன இருக்கிறது தெரியுமா? விளக்கெண்ணெய்! பாட்டி பட்டியலும் அமெரிக்கப் பட்டியலும் கைகுலுக்குகிற இடம் அது. (கைதட்டல்)

இனி சாயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு உதட்டுத் தைலத்திலேயே சிவப்பும் சேர்த்து விற்கிறார்கள். புதுதில்லியில் இருக்கிற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் 73 அழகுப் பொருள்களைச் சோதித்து முடிவை வெளியிட்டது. அதில் 30 லிப்ஸ்டிக்குகளில் 15இல் குரோமியம், 13இல் நிக்கல். பக்கத்துக் கேரளத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று கடை கடையாகச் சோதனையில் இறங்கியது. பிடிபட்ட சில லிப்ஸ்டிக்குகளிலும் முகப்பூச்சுகளிலும் பாதரசம் அனுமதித்த அளவைப்போல 12,000 மடங்கு இருந்தது என்று அந்த மாநில நலவாழ்வு அமைச்சரே 2025இல் அறிவித்தார். நம் சட்டப்படி இவற்றில் தெரியாமல் கலந்துவிடும் பாதரசமே பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அழகாக இருக்கணும் என்று ஆசைப்பட்டதற்கு இந்தத் தண்டனையா?

இப்போது இந்த ஊருக்கு வருகிறேன். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாராக ஆரம்பித்தது. இன்றைக்கு இந்தச் சாலையில் கார் உண்டு, லாரி உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு, கைப்பேசி உண்டு. வல்லம் வடகாலில் 2024இல் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். ஒரு ஊரே பெண்பிள்ளைகளால் நிரம்பியிருக்கிறது!

இங்கே உட்கார்ந்திருக்கிற மகள்களில் பலர் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறீர்கள். ஒரு போல்ட் உள்ளே வந்தால் என்ன செய்வீர்கள்? எந்தக் கம்பெனி, எந்தத் தொகுதி, என்ன எஃகு, அளவு சரியா என்று பார்ப்பீர்கள். தொகுதி எண் இல்லை என்றால்?

(கூட்டத்திலிருந்து: ரிஜெக்ட்!)

அப்படிச் சொல்லுங்க! ரிஜெக்ட்! (பலத்த கைதட்டல்) காருக்குள் போகிற போல்ட்டுக்குத் தொகுதி எண் கேட்கிற என் மகள், தன் வாய்க்குள் போகிற சாமானுக்குக் கேட்க வேண்டாமா? கார் கெட்டால் திரும்பக் கூப்பிட்டு மாற்றித் தருவான். சிறுநீரகம் கெட்டால் எந்தக் கம்பெனி திரும்பக் கூப்பிடும்?

ஸ்ரீபெரும்புதூர் யார் பிறந்த ஊர்? இராமானுசர் பிறந்த ஊர். இரகசியமாக வைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்ததை, திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கே சொன்னார் என்பது வைணவ மரபு. மோட்சத்துக்கு உரிய இரகசியத்தையே ஊரறியச் சொன்ன மகான் பிறந்த மண்ணில், ஒரு சின்ன டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் இரகசியமா? (நீண்ட கைதட்டல்) 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளும் சொல்லத்தான் சொல்கின்றன. சேர்ந்திருப்பவற்றின் பட்டியல், செய்தவர் முகவரி, ‘எம்’ என்ற எழுத்தோடு உரிம எண், தொகுதி எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், இவை வேண்டும். பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் அதிகம். முகப்பில் பச்சை இலைப் படம் போட்டிருப்பது சான்றிதழ் ஆகாது. இலையை எவன் வேண்டுமானாலும் வரையலாம்!

நடுவர்: பேராசிரியரே, இவ்வளவு சொல்றீங்க. இந்தப் பிள்ளைங்க நாளைக்குக் காலையில எதைத் தடவிக்கிட்டுப் போறது?

அதைச் சொல்லாமல் போவேனா ஐயா? சமையலறையில் இருக்கிற நெய் ஒரு துளி. இல்லையா, விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒரு துளி. ராத்திரி படுக்கும்போது தடவினால் போதும். டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டுமா? சுத்தமான தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் இரண்டு பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு. கொதிக்கிற தண்ணீரில் கிண்ணத்தை வைத்து உருக்கி, சின்ன டப்பாவில் ஊற்றி ஆறவிடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் என்றால் ஓடிவிடும். மெழுகுதான் அதைப் பிடித்து நிறுத்தும். நிறத்துக்காக பீட்ரூட் சாறு ஊற்றாதீர்கள். தண்ணீர் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். விடுதி அறையில் ஆறு பேர் இருந்தால் ஆறு டப்பா. ஒரே டப்பாவில் ஆறு விரல் வேண்டாம்! எதைத் தடவியும் இரண்டு மூன்று வாரம் ஆறாத புண் என்றால் வைத்தியம் பார்க்காதீர்கள், வைத்தியரைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. அடுக்களைப் பொருள்களிலேயே உயர்ந்தது எது? தண்ணீர். என்னிடம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வேலைக்கு வந்த பெண்கள் சிலர் சொன்னார்கள்: “ஐயா, தண்ணி குடிச்சா அடிக்கடி எழுந்து போகணும். லைன்ல நிக்கிறப்ப அது சங்கடம். அதனால குடிக்கிறதில்லை.” உதடு வெடிப்பதற்குத் தைலம் தேடுகிறோம், தாகத்தை யார் கேட்பது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, 250 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் கோடைக்குக் குளிர்ந்த குடிநீர் வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். தண்ணீர் வைத்தால் மட்டும் போதாது. குடிக்கவும், எழுந்து போகவும் நேரம் கொடுக்க வேண்டும். மேற்பார்வை பார்க்கிற தம்பிகள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், உங்கள் தங்கை கேட்டால் எப்படி அனுப்புவீர்களோ அப்படி அனுப்புங்கள். (நீண்ட கைதட்டல்)

மகள்களே, ஊரில் இருந்தால் உங்கள் உதடு வெடித்ததை அம்மா முதலில் பார்த்திருப்பாள். கேட்காமலே விரலில் நெய் எடுத்துக்கொண்டு வந்திருப்பாள். இங்கே அந்த விரல் இல்லை. அந்த இடத்தில் நீங்கள் இருந்துகொள்ள வேண்டும். தொகுதி எண் இல்லாததை ரிஜெக்ட் செய்யுங்கள். வாயில் போட அஞ்சுகிற எதையும் வாய்மேல் போடாதீர்கள்.

ஆகவே நடுவர் அவர்களே, உதட்டுக்கு உகந்தது, உள்ளே போனாலும் கேடு செய்யாத, எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரிந்த அடுக்களைப் பொருளே, அடுக்களைப் பொருளே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.