வரம்புக்குள் இருக்கும் நஞ்சு: பெங்களூருவின் காற்று



தில்லியின் காற்று கெடும்போது நாடே பேசுகிறது. பெங்களூருவைப் பற்றி அத்தகைய பேச்சு எழுவதில்லை. 900 மீட்டர் உயரம், இதமான தட்பவெப்பம் என்ற பழைய நற்பெயர் அந்நகருக்கு இன்றும் துணை நிற்கிறது. அதைவிடப் பெரிய துணை, அரசு வகுத்த வரம்பு.

2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள் மூக்கிலோ தொண்டையிலோ தங்கிவிடுவதில்லை. நுரையீரலின் ஆழம்வரை சென்று இரத்தத்திலும் கலக்கிறது. இதற்கு இந்தியா 2009-இல் வகுத்த ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் 10 என்றது. 2021-இல் 5 ஆகக் குறைத்தது. நமது வரம்போ அசையவில்லை. பெங்களூருவின் சராசரி 40-க்குக் கீழே இருப்பதால் ஆட்சியாளர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

அந்த நிம்மதிக்கு அடிப்படை இல்லை. 10 இந்திய நகரங்களின் 2008 முதல் 2019 வரையிலான மரணப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2024-இல் ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ இதழில் வெளிவந்தது. நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது அன்றாட மரணங்கள் தில்லியில் 0.31 சதவீதம் உயர்ந்தன, பெங்களூருவில் 3.06 சதவீதம். பத்து நகரங்களில் இதுவே அதிகம். மாசு குறைவாக உள்ள இடத்தில் கூடுகின்ற ஒவ்வொரு மைக்ரோகிராமும் கடுமையாகத் தாக்குகிறது என்பதே இதன் பொருள்.

இந்நுண்துகள் எங்கிருந்து வருகிறது? ஒரு கோடியைத் தாண்டிவிட்ட வாகனங்கள், டீசல் ஜெனரேட்டர்கள், கட்டுமானப் பணிகள், தெருவோரம் எரிக்கப்படும் குப்பை. புகையோடு வெளியேறும் வாயுக்களும் காற்றில் வினைபுரிந்து துகள்களாகின்றன.

2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் பெங்களூருவும் உண்டு. ஆனால் அதன் முன்னேற்றம் அளக்கப்படுவது 10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்களைக் கொண்டே. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் 2024 மதிப்பீட்டின்படி, நாடு முழுவதும் செலவான நிதியில் 64 சதவீதம் சாலைத் தூசிக்கே போனது. தொழிற்சாலைப் புகைக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். புகை அடங்குமா?

குளிரூட்டிய அறையில் இருப்பவர் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கிக்கொள்வார். விடியற்காலையில் சாலை கூட்டும் பௌரகார்மிகர்களுக்கும், பீன்யா தொழிலாளர்களுக்கும், ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் அந்த வழி கிடையாது.

புகையைக் குறைக்கும் நேரடி வழி பொதுப் போக்குவரத்து. 2023-இல் பெண்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசமானது நல்ல தொடக்கம். ஆனால் 2025 ஜனவரியில் பேருந்துக் கட்டணம் 15 சதவீதம் உயர்ந்தது. பிப்ரவரியில் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. இரண்டையும் கட்ட முடியாத தொழிலாளி மாதத் தவணையில் இருசக்கர வாகனம் வாங்குகிறார்.