தண்டனை முடிந்த பின்னும் தொடரும் வழக்கு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. எந்தக் கணக்கிலும் ஏறாத ஓர் இழப்பைப் பற்றியும் இன்று பேச விழைகிறோம். கஞ்சாப் பொட்டலத்துடன் ஒருமுறை பிடிபட்ட வாலிபர், அபராதம் கட்டி, பழக்கத்தை விட்டொழித்து, தொழுகைக்குத் திரும்பிய பின்னரும் அந்த ஒரே வழக்கின் நிழலில் வாழ்நாளைக் கழிக்கிறாரே, அதுவே அந்த இழப்பு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். போதை தரும் யாவும் நம் மார்க்கத்தில் ஹராம். கஞ்சா விற்பவருக்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. திருந்தியவரைப் பற்றியே பேசுகிறோம்.

பசுவந்தனை வட்டாரத்து மானாவாரிக் கரிசலில் மழை பொய்த்தால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைக்குப் போவார்கள், வளைகுடாவுக்குப் போவார்கள், காவலர் தேர்வு எழுதுவார்கள். வளைகுடா வேலைக்குப் பல வேளைகளில் காவல்துறைச் சான்று கேட்கிறார்கள். அரசு வேலைக்கு முன்வழக்கு உண்டா என்று விசாரிக்கிறார்கள். வழக்கு நிலுவையில் இருந்தால், நீதிமன்ற அனுமதியின்றிப் பாஸ்போர்ட் பெறுவதும் கடினமே.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, 1 கிலோவுக்குக் குறைவான கஞ்சா சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. அதற்குக் குறைந்தது 10 ஆண்டுகள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைச் சட்டமே அறிந்திருக்கிறது. ஊர்தான் அறிவதில்லை. ஊரின் வாயில் இருவரும் 'கஞ்சா கேஸ்'தான்.

இங்கே நம் குடும்பங்கள் செய்யும் பெரும் பிழை ஒன்றுண்டு. "ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடு, இன்றோடு தொல்லை முடிந்தது" என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். தொல்லை அன்றுதான் தொடங்குகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதமும் தண்டனைத் தீர்ப்பே. வயது வந்தவர் இவ்வாறு பெற்ற தண்டனையைப் பல ஆண்டு நல்லொழுக்கத்துக்குப் பின் பதிவேட்டிலிருந்து நீக்கித் தரும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை.

ஆயினும் சில வாசல்கள் திறந்தே இருக்கின்றன. அச்சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, சிறிய அளவு வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர், தாமே முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவ நிலையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அவ்விலக்குப் பறிபோகும். குற்றம் உறுதியான பின்னரும், 39ஆம் பிரிவின்படி, சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 18 வயது நிறையாத பிள்ளையாயின், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, இத்தகைய சிறு வழக்கின் தீர்ப்பால் தகுதியிழப்பு ஏதும் வராது என்கிறது. அப்பதிவுகளை உரிய காலத்துக்குப்பின் அழிக்கவும் வழி செய்கிறது. இவற்றை வழக்கின் தொடக்கத்திலேயே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். வசதியற்றோர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அணுகலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446.

வேலை விண்ணப்பத்தில் வழக்கை மறைப்பதும் ஆபத்தே. அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இதற்கு நெறி வகுத்தது. இளவயதில் நிகழ்ந்த அற்பக் குற்றத்தை மறைத்திருந்தாலும் வேலை தருபவர் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. எனினும் அது அவர் விருப்பம்; விண்ணப்பதாரரின் உரிமையன்று. ஆகவே உள்ளதைச் சொல்வதே நலம்.

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநில ஆளுநர் 2024 ஜூனில் 1,75,000க்கும் மேற்பட்ட கஞ்சாத் தண்டனைகளை ஒரே ஆணையில் மன்னித்தார். கனடா, கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை பெற்றோரின் பதிவுகளைக் கட்டணமின்றி ஒதுக்கிவைக்க 2019இல் சட்டம் செய்தது. கஞ்சா விற்பனையை அனுமதித்த அவர்கள் வழி நமக்கு உடன்பாடன்று. ஆனால் தண்டனைக்கும் ஓர் எல்லை வேண்டும் என்ற அவர்களின் நியாயம் நமக்குப் புதியதன்று. மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, அதைத் தடுத்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள் அல்லவா?

அரசின் பதிவேட்டைத் திருத்த நம்மால் இயலாது. நம் பதிவேட்டைத் திருத்த இயலும். நிக்காஹ்வுக்கு ஜமாஅத் கடிதம் கேட்டு வருபவரைப் பழைய வழக்கைச் சொல்லித் திருப்பி அனுப்பும் வழக்கம் ஊர்தோறும் இருக்கிறது. பெண் வீட்டாரிடம் உண்மையை மறைக்கச் சொல்லவில்லை; அதுவும் துரோகமே. வழக்கு இருந்தது, சிகிச்சை பெற்றார், இத்தனை ஆண்டுகளாக நல்லொழுக்கத்துடன் வாழ்கிறார் என்று முழு உண்மையையும் எழுதிக் கொடுப்போம். பாதி உண்மைதான் பிள்ளைகளைக் கொல்கிறது. முதன்முறை பிடிபட்டவரின் வீட்டுக்கு அன்றே இருவர் சென்று, வழக்கறிஞரிடமும் மருத்துவரிடமும் உடன் செல்வதை நிர்வாகக் குழு தன் கடமையாக ஏற்க வேண்டுகிறோம்.

தவ்பாவின் வாசலை அல்லாஹ் திறந்து வைத்திருக்கையில் பள்ளிவாசலின் வாசலை நாம் அடைத்து நிற்க வேண்டா. வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைப் போதையிலிருந்து காப்பானாக. திருந்தியோரைத் தாங்கும் நெஞ்சத்தை நமக்கு அருள்வானாக. ஆமீன்.